டி.என்.ஏயில் பழுதடைந்த காரத்தை நொதி எப்படித் தேடிப் பிடிக்கிறது?

கேள்வி: கடலூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் மூலக்கூறு மரபியல் பாடத்தில் டி.என்.ஏயின் எழுத்துகளான காரங்களைப் பற்றி (அடினின், தைமின், குவானின், சைட்டோசின்) நடத்தியபோது, "பழுதடைந்த காரத்தை நொதி கண்டறிந்து வெட்டி நீக்குகிறது" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போக இருந்தேன். அப்போது தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "எப்படிக் கண்டறிகிறது, டீச்சர்?" என்று கேட்டாள். கேட்டதோடு நில்லாமல் ஓர் ஒப்புமையும் சொன்னாள். அவளுடைய தந்தை கரையில் உட்கார்ந்து வலையைச் சரிபார்க்கும்போது கண்ணி கண்ணியாக எண்ணிப் பார்ப்பதில்லையாம். வலையை இரண்டு கைகளுக்கும் நடுவில் ஓடவிட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பாராம். கிழிந்த இடம் வந்ததும் விரல் தானாக நின்றுவிடுமாம். நொதியும் அப்படித்தான் செய்கிறதா என்பது அவள் கேள்வி. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று கூறிவிட்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கியதும் எனக்கே திகைப்பாகிவிட்டது.

மனித உயிரணு ஒன்றின் 46 குரோமோசோம்களில் ஏறத்தாழ 640 கோடி கார இணைகள் உள்ளன. உடலில் இருக்கும் நீரின் வேதிவினையால் மட்டுமே சைட்டோசின் காரங்களில் சில ஒரு நாளைக்கு உயிரணு ஒன்றில் நூறிலிருந்து ஐந்நூறு வரை, டி.என்.ஏயில் இருக்கக் கூடாத காரமான யுராசிலாக மாறுகின்றன என்று படித்திருக்கிறேன். அப்படியானால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இணைகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் பிழை இருக்கிறது. காரங்களோ டி.என்.ஏயின் இரட்டைச் சுருளின் உட்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, துணைக் காரத்தோடு கைகோத்து நிற்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் சர்க்கரையும் பாஸ்பேட்டும்தான் தெரியும். நொதி ஒவ்வோர் இணையையும் பிரித்துப் பார்க்க ஆயிரத்தில் ஒரு வினாடி எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால்கூட, ஒரு மூலக்கூறு முழுவதையும் பார்த்து முடிக்க 64 லட்சம் வினாடிகள், அதாவது 74 நாட்கள் ஆகும். இந்த நொதிகள் தேடுவதற்கு, உயிரணுவின் எரிபொருளான ஏ.டி.பியின் ஆற்றலையும் செலவிடுவதில்லை என்கிறார்கள். தைமினுக்கும் யுராசிலுக்கும் ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்) வேறுபாடு என்னும்போது, தைமினை விட்டுவிட்டு யுராசிலை மட்டும் நொதி எவ்வாறு பிரித்தறிகிறது? மாணவிக்குச் சொல்லக்கூடிய வகையில் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: புதுச்சேரி, உயிர்வேதியியல் விரிவுரையாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவி சொன்ன ஒப்புமை பெரும்பாலும் சரியானது. எங்கே பொருந்தாமல் போகிறது என்பதையும் சொல்கிறேன்.

யுராசிலை நீக்கும் நொதியை 1974ஆம் ஆண்டில் எஸ்செரிச்சியா கோலை பாக்டீரியாவில் கண்டறிந்தவர் தோமஸ் லிண்டால். டி.என்.ஏ உறுதியான மூலக்கூறு என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், அது நீரில் தானாகவே சிதைந்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் அளந்து காட்டி, அவ்வளவு சிதைவு நடக்கும்போது உயிர் நிலைத்திருக்க வேண்டுமானால் அதைச் சரிசெய்யும் ஏதோ ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்து, அந்த நொதியைத் தேடிச் சென்றவர் அவர். பால் மோட்ரிச், அஜீஸ் சன்ஜார் ஆகியோருடன் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த வகை நொதிகளுக்குக் கிளைக்கோசைலேஸ் என்று பெயர். காரத்தையும் சர்க்கரையையும் இணைக்கும் பிணைப்பை இவை அறுக்கின்றன. யுராசிலை நீக்கும் நொதி, சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்ந்த இழையின் முதுகெலும்பைத் தொடுவதில்லை.

முதலில், நொதி அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பார்ப்போம். 1970ஆம் ஆண்டில் லாக் அடக்கி என்னும் வேறொரு புரதத்தை ஆராய்ந்தவர்கள், அது டி.என்.ஏயில் தன் இலக்கைச் சேரும் வேகம், நீரில் மிதந்து திரிந்து தற்செயலாக மோதினால் கிடைக்கக்கூடிய வேகத்தைவிட ஏறத்தாழ நூறு மடங்கு அதிகம் என்று கண்டார்கள். பெர்க், விண்டர், வான் ஹிப்பல் ஆகிய மூவரும் 1981இல் இதற்குத் தெளிவான கணித விளக்கம் தந்தனர். புரதம் முதலில் டி.என்.ஏயின் ஏதாவதோர் இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு அதன்மேல் சறுக்கியும், சற்றே விலகி அருகிலேயே மறுபடி ஒட்டியும், சுருண்டு அருகில் வந்திருக்கும் வேறொரு பகுதிக்குத் தாவியும் தேடுகிறது. பாஸ்பேட்டுகளின் எதிர்மின்சுமையும் நொதியின் ஒரு பக்கத்தில் இருக்கும் நேர்மின்சுமையும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் நொதி விலகி ஓடிவிடாமல் இருக்கிறது. அந்த ஈர்ப்பு எல்லா இடங்களிலும் ஒரே அளவாக இருப்பதால் ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளாமலும் இருக்கிறது. இதற்கு ஏ.டி.பி தேவையில்லை. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் இடைவிடாமல் மோதிக்கொண்டிருப்பதே அதை நகர்த்துகிறது.

மாணவியின் ஒப்புமை பொருந்தாமல் போவது இங்கேதான். அவளுடைய தந்தையின் கையில் வலை ஒரே திசையில் ஓடுகிறது. நொதிக்குத் திசை கிடையாது. ஒரு படி வலப்புறம் போனால் அடுத்த படி இடப்புறமாகவும் இருக்கலாம். இப்படி நகரும்போது 100 இணைகள் தொலைவை அடைய ஏறத்தாழ 10,000 படிகள் வேண்டும். 1,000 இணைகள் என்றால் 10 லட்சம் படிகள் வேண்டும். ஆகவே நீண்ட தொலைவுக்குச் சறுக்கிக்கொண்டே இருப்பது வீண் வேலை. சிறிது தொலைவை நன்றாகத் துழாவிவிட்டு விலகி வேறிடத்தில் போய் ஒட்டுவதே சிக்கனமான வழி. மனித யுராசில் நொதியை வைத்து 2008இல் நடத்தப்பட்ட சோதனைகள், அது ஒருசில இணைகள் அளவுக்கு மட்டுமே சறுக்குகிறது, மற்றபடி குறுந்தாவல்களாகத்தான் நகர்கிறது என்று காட்டின. உங்கள் 74 நாள் கணக்கு ஒரே ஒரு மூலக்கூறுக்கு உரியது. உட்கருவில் இந்த நொதி ஆயிரக்கணக்கில் இருக்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

இனி, உள்ளே மறைந்திருக்கும் காரத்தை எப்படிப் பார்க்கிறது என்ற கேள்வி. கார இணைகள் எப்போதும் மூடியே இருப்பதில்லை. அடினினும் தைமினும் சேர்ந்த இணை சில மில்லி வினாடிகளுக்கு ஒருமுறை தானாகவே திறந்து, கண நேரத்துக்குள் மூடிக்கொள்கிறது. 2007இல் வெளியான ஒரு படிக ஆய்வு (மூலக்கூறைப் படிகமாக்கி அதன் வடிவத்தைக் காணும் முறை), இப்படித் தானாக வெளியே வந்த தைமினை யுராசில் நொதி இடைவழியில் பிடித்து வைத்திருக்கும் நிலையைப் படமாகவே காட்டியது. எல்லாக் கதவுகளையும் நொதி தள்ளித் திறப்பதில்லை. திறக்கும் கதவின் அருகே நின்று, வெளியே வந்த காரம் உள்ளே திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்கிறது. குவானினோடு சேர்ந்து நிற்கும் யுராசில் பொருந்தாத இணை. அதன் பிடி தளர்வானது என்பதால் அது அடிக்கடி திறக்கிறது. விரல் தானாக நிற்பதாக மாணவி சொன்னது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும்.

பிடித்த பிறகு நொதி டி.என்.ஏயை வளைக்கிறது. நொதியின் 272ஆவது அமினோ அமிலமான லியூசின், காரம் இருந்த வெற்றிடத்துக்குள் ஆப்பு போல நுழைந்து அது திரும்ப முடியாதபடி அடைக்கிறது. காரம் முழுவதும் வெளியே சுழன்று நொதியின் குழிவுக்குள் செல்கிறது. அந்தக் குழிவுதான் இறுதித் தேர்வு நடக்கும் இடம். அடினினும் குவானினும் உருவில் பெரியவை, உள்ளே நுழையவே முடியாது. 204ஆவது இடத்திலுள்ள அஸ்பராஜின் யுராசிலோடு ஹைட்ரஜன் பிணைப்புகள் அமைக்கிறது. சைட்டோசினோடு அவ்வாறு அமைக்க இயலாது. 147ஆவது இடத்திலுள்ள டைரோசின், தைமினின் மெத்தில் தொகுதி வந்து உட்கார வேண்டிய இடத்தில் தானே உட்கார்ந்திருக்கிறது. இதற்கு 1996இல் அழகான சான்று கிடைத்தது. டைரோசினை எடுத்துவிட்டுச் சிறிய அலனினை அங்கே வைத்தபோது, அந்த நொதி தைமினையும் வெட்டத் தொடங்கிவிட்டது. அஸ்பராஜினை அஸ்பார்டிக் அமிலமாக மாற்றியபோது சைட்டோசினை வெட்டியது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதும், காவல் காக்க வேண்டிய நொதி நல்ல எழுத்துகளை அழிக்கும் நொதியாகிவிட்டது. வகுப்பில் வேறு எதைச் சொல்ல நேரமில்லாவிட்டாலும் இந்தச் சோதனையைச் சொல்லுங்கள். அமைப்பே செயல் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பதில்: காலாப்பட்டு, ஆய்வு மாணவர்

ஐயா சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் யுராசில் ஒப்பளவில் எளிமையான வழக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கிழிசல் இருக்கும் இடத்தில் விரல் நிற்கும், சரி. விரலுக்குத் தட்டுப்படாத கிழிசலை என்ன செய்வது?

ஆக்சிஜனேற்றத்தால் குவானின் பழுதாகும்போது 8-ஆக்சோகுவானின் உண்டாகிறது. எட்டாவது கார்பனில் ஓர் ஆக்சிஜன் கூடுகிறது, ஏழாவது நைட்ரஜனில் ஒரு ஹைட்ரஜன் ஏறுகிறது, அவ்வளவுதான். இந்தப் பழுதடைந்த காரம் சைட்டோசினோடு நல்ல குவானினைப் போலவே மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளுடன் பொருந்தி நிற்கிறது. சுருளில் சொல்லிக்கொள்ளும்படியான வீக்கமோ வளைவோ தெரிவதில்லை. விட்டுவைத்தால், அடுத்த நகலாக்கத்தின்போது இது திரும்பிப் படுத்து அடினினோடு இணை சேர்ந்துவிடக்கூடும். அதன் முடிவில் குவானின் இருந்த இடத்தில் தைமின் வந்துவிடும்.

இதை நீக்கும் மனித நொதியின் பெயர் ஓ.ஜி.ஜி.1. நீரோட்டத்தால் இழுத்து நீட்டப்பட்ட டி.என்.ஏ இழையின்மேல் ஒளிரும் குறியீடு பொருத்திய தனித்தனி ஓ.ஜி.ஜி.1 மூலக்கூறுகள் நகர்வதை 2006இல் நேரடியாக அளந்தார்கள். அது ஓர் இணையிலிருந்து அடுத்த இணைக்குச் செல்ல ஒரு மைக்ரோ வினாடிகூட எடுத்துக்கொள்வதில்லை. சறுக்கிச் செல்லும் ஒரு புரதத்துக்குக் கோட்பாட்டளவில் இயலக்கூடிய உச்ச வேகத்தை நெருங்கும் வேகம் இது. ஆனால் குவானினும் சைட்டோசினும் சேர்ந்த இணை தானாகத் திறப்பதோ சில பத்து மில்லி வினாடிகளுக்கு ஒருமுறைதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதவு ஒருமுறை திறப்பதற்குள் நொதி பல்லாயிரம் படிகள் நடந்துவிடும். எனவே, கடந்து செல்லும் ஒவ்வொரு முறையும் அது ஒவ்வொரு காரத்தையும் சோதிக்கிறது என்று கொள்ளவே முடியாது. பழுதடைந்த காரத்தின் மேலேயே ஏறி, அதைக் கவனிக்காமல் போகும் தடவைகளும் இருந்தே ஆக வேண்டும். திசையில்லாத நடையின் பயன் இங்கே புரிகிறது. முன்னும் பின்னுமாக அலைவதால் அதே இடத்துக்கு நொதி மீண்டும் மீண்டும் திரும்பி வருகிறது, ஒரு தடவையில் நழுவியது மற்றொரு தடவையில் பிடிபடுகிறது. ஐயா வீண் வேலை என்று குறிப்பிட்ட அந்த அலைச்சலை நான் இந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன்.

பிடித்த பிறகு நடக்கும் தேர்வும் கடுமையானது. 2000ஆம் ஆண்டில் வெளியான படிக அமைப்பில், பழுதடைந்த காரத்தின் ஏழாவது நைட்ரஜனில் ஏறியிருக்கும் அந்த ஒற்றை ஹைட்ரஜனை நொதியின் 42ஆவது கிளைசினின் ஆக்சிஜன் தொட்டுணர்வது தெரிந்தது. கூடுதலாக வந்த ஆக்சிஜன்தான் அடையாளம் என்று நாம் எதிர்பார்ப்போம். நொதி பார்ப்பது அந்த ஹைட்ரஜனை. 2005இல் இன்னொரு படிக அமைப்பு வந்தது. அதில் நல்ல குவானினும் சுருளைவிட்டு வெளியே வந்திருந்தது. ஆனால் வெட்டும் குழிவுக்குள் போகாமல் அதன் வாயிலுக்குப் பக்கத்தில் வேறோர் இடத்தில் நின்றிருந்தது. ஆகவே வெளியே வந்துவிட்டாலே வெட்டு விழுந்துவிடும் என்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓ.ஜி.ஜி.1 பழுதடைந்த குவானினை மட்டும் பார்ப்பதில்லை, எதிர் இழையில் நிற்பது யார் என்றும் பார்க்கிறது. எதிரே சைட்டோசின் இருந்தால் வெட்டும். எதிரே அடினின் இருந்தால் பெரும்பாலும் வெட்டாது. ஏனென்றால், நகலாக்கம் ஏற்கெனவே நடந்து தவறான அடினின் வந்து உட்கார்ந்துவிட்ட நிலையில் குவானினை நீக்கினால், அடினினுக்குத் துணையாகத் தைமின் நிரப்பப்பட்டுப் பிழை நிலைத்துவிடும். அந்தச் சூழ்நிலைக்கென்றே எம்.யு.டி.ஒய்.எச் என்னும் வேறொரு நொதி உள்ளது. அது வெட்டுவது அடினினை, அதாவது வேதியியல்படி எந்தப் பழுதும் இல்லாத ஒரு காரத்தை. தவறு அந்தக் காரத்தில் இல்லை, அது யாரோடு நிற்கிறது என்பதில் இருக்கிறது. இந்த நொதியின் மரபணுவில் தந்தை, தாய் இருவரிடமிருந்தும் குறைபாடு வந்தவர்களுக்குப் பெருங்குடலில் ஏராளமான கட்டிகள் தோன்றி, புற்றுநோயாக மாறும் வாய்ப்பு மிகுதி என்பது 2002இல் கண்டறியப்பட்டது. நான் இத்துறைக்கு வருவதற்குக் காரணமே அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிப் படித்ததுதான்.

மறுமொழி: கடலூர் ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வகுப்பில் செய்து காட்டுவதற்கு ஒரு வழி யோசித்திருக்கிறேன். முடிச்சுகள் போட்ட நீண்ட நைலான் கயிற்றை மேசையின்மேல் கிடத்தி, அவற்றில் ஒரு முடிச்சை மட்டும் சற்றே தளர்வாக வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்ட மாணவியரை அதைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அதற்குள் வகுப்பில் மேலும் மூன்று கேள்விகள் வந்துவிட்டன. காரத்தை எடுத்த பிறகு அந்த வெற்றிடம் என்ன ஆகிறது? நாள் முழுவதும் கடலில் வெயிலில் நிற்பவர்களுக்கு உண்டாகும் பழுதையும் இதே நொதிகள்தான் நீக்குகின்றனவா? டி.என்.ஏ, ஹிஸ்டோன்கள் என்னும் புரத உருண்டைகளின்மேல் சுற்றப்பட்டிருக்கும்போது நொதி எங்கே சறுக்கும்? மூன்றாவது கேள்வி அதே தேவனாம்பட்டினத்து மாணவியுடையது.

பதில்: புதுச்சேரி, உயிர்வேதியியல் விரிவுரையாளர்

முதல் கேள்விதான் மிக முக்கியமானது. காரம் இல்லாத வெற்றிடம், பழுதடைந்த காரத்தைவிட ஆபத்தானது; இழை அங்கே எளிதில் அறுந்துவிடும், நகலாக்கமும் தடைபடும். அதனால் கிளைக்கோசைலேஸ்கள் பலவும் வேலை முடிந்த உடனே விலகிப் போகாமல் அந்த வெற்றிடத்தைப் பற்றிக்கொண்டே இருக்கின்றன. ஏ.பி.இ.1 என்னும் அடுத்த நொதி வந்து முதுகெலும்பை வெட்டுகிறது, டி.என்.ஏ பாலிமரேஸ் பீட்டா சரியான எழுத்தை நிரப்புகிறது. லைகேஸ் இழையை ஒட்டுகிறது. யுராசில் நொதியோ ஓ.ஜி.ஜி.1 நொதியோ இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகள் பிறந்து வளர்கின்றன. ஒரு கிளைக்கோசைலேஸ் இல்லாவிட்டால் வேறொன்று ஓரளவு ஈடுகட்டுகிறது. ஏ.பி.இ.1 இல்லாத எலிக்கருவோ தொடக்கத்திலேயே அழிந்துவிடுகிறது. வெட்டியதை மூடாமல் விடுவது எவ்வளவு கேடு என்பதை உங்கள் மாணவியருக்கு இதிலிருந்து விளக்கலாம்.

வெயிலைப் பற்றி: புற ஊதாக் கதிர் அடுத்தடுத்துள்ள இரண்டு பிரிமிடின் காரங்களை (தைமின், சைட்டோசின்) ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. மனிதரில் அதைக் கிளைக்கோசைலேஸ்கள் நீக்குவதில்லை. அந்த வேலையைச் செய்யும் வழிமுறை வேறு. அது குறிப்பிட்ட காரத்தைத் தேடுவதில்லை, சுருளின் உருக்குலைவைத் தேடி, ஏறத்தாழ 30 எழுத்துகள் நீளமுள்ள துண்டையே வெட்டி எடுக்கிறது. அது குறைபட்டவர்களுக்கு வெயில் பட்ட தோலில் இளம் வயதிலேயே புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி.

மூன்றாவது கேள்வி கேட்ட மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். ஹிஸ்டோன் உருண்டை ஒவ்வொன்றின்மேலும் ஏறத்தாழ 147 இணைகள் சுற்றப்பட்டுள்ளன. சுற்றின் உட்பக்கம் பார்த்திருக்கும் பழுதை நொதியால் எளிதில் தொட முடியாது. ஆனால் சுற்றும் அசையாமல் இருப்பதில்லை, ஓரங்களில் அவ்வப்போது அவிழ்ந்து மறுபடி சுற்றிக்கொள்கிறது. அதனால் ஓரத்தில் இருக்கும் பழுது விரைவாகவும் நடுவில் இருக்கும் பழுது மெதுவாகவும் நீங்குகின்றன. உருண்டையை நகர்த்திக் கொடுக்கும் புரதங்களும் உண்டு, ஏ.டி.பி செலவாவது அந்த வேலைக்கு.

கயிற்றுச் சோதனையில் ஒரு சிறு திருத்தம். மாணவியர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தடவிக்கொண்டே போனால் அது வலை சரிபார்ப்பதாகத்தான் இருக்கும். கயிற்றின் நடுவில் கையை வைக்கச் சொல்லி, நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஒரு முடிச்சு வலப்புறம், பூ விழுந்தால் ஒரு முடிச்சு இடப்புறம் நகரச் சொல்லுங்கள்.

மறுமொழி: கடலூர் ஆசிரியை

நேற்று செய்து பார்த்தோம். இருவர் இருவராகப் பன்னிரண்டு குழுக்கள், ஒவ்வொரு குழுவும் நூறு முறை நாணயம் சுண்டியது. பெரும்பாலான குழுக்கள் புறப்பட்ட இடத்திலிருந்து பத்து முடிச்சு அல்லது அதற்கும் குறைவான தொலைவிலேயே நின்றன. ஒரு குழு மட்டும் இருபதைத் தொட்டது. தளர்ந்த முடிச்சை நடுவிலிருந்து ஆறாவதாக வைத்திருந்தேன். அதன்மேல் எத்தனை முறை விரல் போனது என்று எண்ணச் சொன்னபோது, அதைத் தொட்ட குழுக்களில் பல, மூன்று நான்கு முறைக்கு மேல் அதே முடிச்சுக்குத் திரும்பி வந்திருந்தன. முதல் தடவையில் தளர்ச்சி தெரியவில்லை, இரண்டாம் தடவையில்தான் தெரிந்தது என்று இரண்டு குழுக்கள் குறிப்பேட்டில் எழுதியிருந்தன. காலாப்பட்டு ஆய்வு மாணவர் சொன்னதை நான் அதுவரை அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.